கிளைச் சிறையில் அடி, வசூல்: புகாரை எங்கே கொடுத்தால் நகரும்?

கூடலூர், குன்னூர் கிளைச் சிறையில் இருக்கும் பையனைச் சிறைக் காவலர் அடித்துவிட்டார், மனு பார்க்க (கைதியைச் சந்திக்க) போனால் காசு கேட்கிறார் என்றால், குடும்பத்தார் முதலில் போய் நிற்பது பெரும்பாலும் ஊட்டி எஸ்.பி. அலுவலகத்தில். வழக்குப் பதியச் சொல்லிக் கேட்கலாம், அவ்வளவுதான். சிறைக் காவலர் மீது துறை நடவடிக்கை எடுக்க மாவட்டப் போலீசுக்கு அதிகாரம் இல்லை. சிறைத்துறை தனி. அதன் படிக்கட்டு கோவை மத்திய சிறைக் கண்காணிப்பாளர், சரக டி.ஐ.ஜி., எழும்பூர் தலைமையகம் என்று ஏறுகிறது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் மனுவும் முதல்வர் உதவி எண் 1100-ம் சுலபம், ரசீதும் கிடைக்கும். ஆனால் மனு மேலிருந்து உருண்டு, யார் மீது புகாரோ அவர் மேசைக்கே 'அறிக்கை தருக' என்று வந்து சேரும். சாப்பாடு, மனு நேரம், கம்பளி போன்ற குறைகளுக்கு இது போதும். அடிக்கு ஆகாது.

அடிக்கு ரிமாண்ட் செய்த மாஜிஸ்ட்ரேட் கோர்ட்தான். காயத்தைக் கண்ணால் பார்த்து அன்றே உத்தரவு போடக்கூடியவர் அவர். சிக்கல், வாய்தா இப்போது பெரும்பாலும் காணொலியில் நடக்கிறது. திரையில் 'ஏதாவது குறை இருக்கா?' என்று கேட்கும்போது, அடித்தவரே கேமராவுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார். பையன் 'இல்லைங்கய்யா' என்பான். அது பதிவாகிவிட்டால் பிறகு நமக்கே பாதகம். ரிமாண்ட் நீட்டிப்பு ஒரு தடவைக்கு 15 நாள் வரை போகும். கன்றிய தோல் அதற்குள் மஞ்சளாகி மறைந்துவிடும். ஆகவே வாய்தாவுக்குக் காத்திராமல் வக்கீல் மூலம் அந்தக் கோர்ட்டில் மெமோ (சிறு மனு) போட வேண்டும். கேட்க வேண்டியவை: நேரில் ஆஜர்படுத்துவது, சிறைக்கு வெளியே அரசு மருத்துவமனையில் பரிசோதனை, சிறைக்குள் வந்த அன்று எழுதிய உடல்நிலைப் பதிவேடு, சிசிடிவி பதிவை அழிக்காமல் வைப்பது. அந்தப் பதிவேட்டை விட்டுவிட்டால் 'வரும்போதே காயம் இருந்தது' என்ற பதில் தயாராக இருக்கும். மெமோவில் தேதி, நேரம், எந்த அறை, காயம் இடப்பக்கமா வலப்பக்கமா, எந்தப் பொருளால் அடித்தார்கள், கூட யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். 'கொடுமைப்படுத்தினார்கள்' என்ற ஒற்றை வரி எங்கும் நிற்காது.

வக்கீல் புதியவர் என்றால் இன்னொரு முட்டுக்கட்டை. வக்காலத்தில் (வக்கீலை நியமிக்கும் தாளில்) கைதி போடும் கையெழுத்துக்குச் சிறை அதிகாரியே சான்றொப்பம் போட வேண்டும்! புகாரே அவர் மீது என்றால் தாளை நீட்டும்போதே விஷயம் கசிந்துவிடும். இங்கேதான் ஊட்டியில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு கைகொடுக்கும். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு; அழைக்க 15100. அவர்களுடைய வக்கீல்கள் சிறைக்குள் போய் வருபவர்கள் என்பதால் பையனைச் சந்திக்கக் காரணம் சொல்லத் தேவையில்லை. தண்டிக்கும் அதிகாரம் இவர்களுக்குக் கிடையாது. கதவைத் திறப்பார்கள், அதுவே பெரிது.

மாநில மனித உரிமை ஆணையம் மெதுவானது. கட்டணம் இல்லை, தமிழில் எழுதலாம், தாயோ அண்ணனோ அனுப்பலாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். இழப்பீடும் துறை நடவடிக்கையும் பரிந்துரைப்பார்கள். 'வெறும் பரிந்துரைதானே' என்ற பேச்சு இப்போது செல்லாது. அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. தேசிய ஆணையத்துக்கும் சேர்த்து அனுப்பாதீர்கள். மாநில ஆணையம் எடுத்துக்கொண்டதை அங்கே விசாரிக்க மாட்டார்கள். அதே சம்பவம் கோர்ட்டில் தனி வழக்காக நின்றாலும் ஆணையம் ஒதுங்கிக்கொள்வது வழக்கம்.

காசு வசூல் மட்டும்தான் என்றால் லஞ்ச ஒழிப்புத் துறை. பணம் கொடுப்பதற்கு முன்பே போக வேண்டும். கொடுத்துவிட்டுப் போனால் பொறி வைத்துக் கையும் களவுமாகப் பிடிக்க வழியில்லை. ஜிபேயில் அனுப்பியிருந்தால் எண்ணும் நேரமும் சாட்சி, அழிக்க வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் புகார் தெரிந்த அன்றிரவு பையன் அங்கேதான் படுக்க வேண்டும். அதே மெமோவில் இடமாற்றமும் கேட்கலாம். பெரும்பாலும் கிடைப்பது கோவை மத்திய சிறை. பந்தலூரிலிருந்து மனு பார்க்கப் போகும் அம்மாவுக்கு அது முழு நாள் பஸ், ஒரு நாள் கூலி. அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.