நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணியர் கப்பல்: போர் அறுத்த கடல்வழியில் ஒரு பயணம்

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்குச் செல்லும் பயணியர் கப்பலைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் கட்டணம், இருக்கை, மூட்டை எடை ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. அவை தேவையான செய்திகளே என்றாலும், இந்தச் சேவையை அவற்றை மட்டும் வைத்து எடைபோட என்னால் இயலவில்லை. ஏறத்தாழ 60 கடல் மைல் தொலைவை, காலையில் புறப்பட்டு நண்பகலுக்குள் கடந்துவிடலாம். இவ்வளவு அருகிலுள்ள இரு கரைகளுக்கிடையே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பயணியர் கப்பல் இல்லாமற்போனதற்கு இலங்கையின் உள்நாட்டுப் போரே முதற்காரணம். 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே தொடங்கிய கப்பல் போக்குவரத்து, 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த பின்னரும் இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்தது. புயலால் நிறுத்த முடியாததை 1980-களின் தொடக்கத்தில் மூண்ட போர் நிறுத்திவிட்டது.

இப்போதைய சேவை 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிச் சில நாட்களிலேயே பருவமழையால் நின்றது. 2024 ஆகஸ்டு 16 முதல் வேறொரு கப்பலோடு மீண்டும் ஓடத் தொடங்கியது. கடுவையாறு கடலில் கலக்குமிடத்திலுள்ள துறைமுகத்தில் குடியேற்றச் சோதனையும் சுங்கச் சோதனையும் முடிந்த பிறகே கப்பலில் ஏற முடியும். விமான நிலையத்து நடைமுறைதான். ஆனால் அந்த நெரிசல் இல்லை. சுமார் 150 பேர் அமரக்கூடிய, குளிரூட்டப்பட்ட சிறிய கப்பல் என்பதால், கரை மறைந்ததும் அலையின் ஆட்டம் உடலுக்குத் தெரிகிறது. வயிறு தாங்காதவர்கள் காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கப்பலைப் பற்றி இதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. சொல்ல வேண்டியவை அதில் வரும் மனிதர்களைப் பற்றியே.

எனக்கு அடுத்த இருக்கையில், நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் நேர்த்திக்கடனை முடித்துவிட்டு ஊர் திரும்பும், யாழ்ப்பாணத்து அளவெட்டிப் பக்கத்து அம்மையார் ஒருவர் இருந்தார். நான் திருவாரூர்க்காரன் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. “எங்கட கோயில் திருவிழாவுக்கு உங்கட பக்கத்தில இருந்துதான் மேளம் வரும், தம்பி. மாசக்கணக்கில எங்கட ஊரிலதான் தங்கி நிப்பினம். சண்டை தொடங்கினாப் பிறகு ஒருத்தரும் வரேல்லை” என்றார். காவிரிக்கரை நாதசுரக் கலைஞர்கள் யாழ்ப்பாணத்துக் கோயில்களுக்குப் போவதும், யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்கத் தஞ்சைச் சீமை திரள்வதும் ஒரு காலத்தில் இயல்பாக நடந்தவை. யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுகருக்கு ‘நாவலர்’ பட்டம் வழங்கியது நம் திருவாவடுதுறை ஆதீனம். போரின் இழப்புகளைக் கணக்கெடுப்பவர்கள் உயிரையும் வீட்டையும் எண்ணுகிறார்கள். ஒரு தலைமுறைக் கலைஞர்கள் இன்னொரு கரையின் வாசிப்பைக் கேளாமலே வளர்ந்த இழப்பை எவரும் எண்ணுவதில்லை.

அந்த அம்மையாரின் தம்பி ஒருவர் போர்க்காலத்தில் காணாமற்போனவர். மரணச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் கூறியும் அம்மையார் வாங்கவில்லை. 2017 முதல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காணாமற்போனவர்களைத் தேடித் தெருவோரப் பந்தல்களில் அமர்ந்து போராடும் தாய்மாரைப் பற்றிப் படித்திருக்கிறேன். அவ்வாறான ஒருவர் அருகிலிருந்து புளிப்பு மிட்டாயை நீட்டி, “வாயில போடுங்கோ, தம்பி, பிரட்டாது” என்று பரிவோடு சொல்லும்போதுதான், 2009 மே மாதத்தில் போர் முடிந்துவிட்டது என்ற செய்தி எவ்வளவு அரைகுறையானது என்று உறைத்தது.

காங்கேசன்துறையில் சோதனைகள் விரைவாகவே முடிந்தன. அலுவலர்கள் தமிழில் பேசினார்கள். வெளியே வந்ததும் நேராக யாழ்ப்பாணத்துக்கு வண்டி ஏறிவிடாமல், சுற்றுவட்டாரத்தில் ஒரு மணி நேரமாவது நடந்து பாருங்கள் என்பதே இந்த மதிப்புரையின் முதன்மையான பரிந்துரை. வலிகாமம் வடக்கு எனப்படும் இப்பகுதி மக்கள் 1990-இல் வெளியேற்றப்பட்டனர். ஊர்கள் உயர்பாதுகாப்பு வலயமாயின. 1950-இல் நிறுவப்பட்ட சிமெந்துத் தொழிற்சாலையும் அதே 1990-இல் மூடப்பட்டது. நிலங்கள் பகுதி பகுதியாகத்தான் திருப்பித் தரப்பட்டன. இன்னும் இராணுவத்திடம் உள்ள காணிகளுக்காக மக்கள் போராடிவருகின்றனர். கூரையற்ற ஒரு வீட்டின் நடுக்கூடத்தில் ஆலமரம் வளர்ந்து, அதன் வேர் சன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு சுவரில் இறங்கியிருந்தது. வாசற்படியின் சிவப்புச் சிமெண்ட் மட்டும் மழையில் கழுவி இன்னும் பளபளத்தது. இதே வடபகுதியிலிருந்து 1990 அக்டோபரில் முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நாகூர் தர்காவோடு தலைமுறை உறவு கொண்ட குடும்பங்கள் அவர்களிலும் இருந்தன.

நம் கரைக்கும் இந்தப் போரில் ஒரு கணக்கு உண்டு. போர்க்காலத்தில் வடபகுதி மீனவர்கள் கடலுக்குச் செல்லக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. அந்த வெறுமையான கடலில் நம் விசைப்படகுகள் மீன்பிடித்துப் பழகின. 2009-க்குப் பிறகு அவர்கள் சிறு படகுகளோடும் கடன்பட்டு வாங்கிய வலைகளோடும் திரும்பியபோது, நம் விசைப்படகுகள் கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடியில் அந்த வலைகள் அறுபட்டன. இலங்கை 2017-இல் இழுவை மடியைச் சட்டப்படி தடை செய்தது. நாகையை அடுத்த அக்கரைப்பேட்டையில், படகு இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுச் சிறைக்குப் போனவர் வீட்டில் அடுப்பெரியாத துயரமும் பொய்யல்ல. காங்கேசன்துறையை அடுத்த மயிலிட்டியில் வலையை இழந்தவரின் துயரமும் பொய்யல்ல. இரண்டு ஏழைகளை எதிரெதிரே நிறுத்திவிட்டுப் போனது அந்தப் போர். இரு கரை மீனவர்களும் நேரில் சந்தித்துப் பேச இந்தக் கப்பலில் இடம் ஒதுக்கித் தரலாமே என்ற எண்ணம் திரும்பும் வழியெல்லாம் என்னை விடவில்லை.

சேவையின் பெருங்குறையும் கப்பலுக்குள் இல்லை. இந்தக் கடலைப் போரினால் கடந்தவர்களே இதில் எளிதாக ஏற முடியாதவர்கள். திருச்சி கொட்டப்பட்டு உள்ளிட்ட முகாம்களில் வாழும் ஈழத்தமிழர் பலர் கையில் ஆவணமின்றிப் படகில் வந்தவர்கள். 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் குடியுரிமை; 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் அவர்களைச் சேர்க்கவில்லை. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை 2021-இல் தமிழக அரசு ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது நல்ல செயல். ஆனால் கடவுச்சீட்டு இல்லாத ஒருவருக்கு நாகை துறைமுகத்தின் சோதனை மேசைக்கு அப்பால் வழி இல்லை. விருப்பமுள்ளோர் ஊரைப் பார்த்துவரச் சிறப்புப் பயண ஆவணமும் குறைந்த கட்டணமும் வழங்க இரு அரசுகளும் முன்வர வேண்டும். 2023-இல் வரியுடன் 7,670 ரூபாயாக இருந்த ஒருவழிக் கட்டணம் பின்னர் குறைந்துள்ளது என்றாலும், முகாமில் பெயிண்ட் வேலைக்குப் போகும் ஒரு குடும்பத்துக்கு அதுவும் எட்டாத தொகையே.

செல்ல நினைப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை அடைமழையைத் தவிர்த்து, பயண நாளையும் இலங்கை நுழைவு விதிகளையும் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள். காங்கேசன்துறை வரை 2015-இல் மீண்டும் வந்துவிட்ட இரயிலிலும் யாழ்ப்பாணம் செல்லலாம். அங்கே 1981-இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்ட பொது நூலகத்துக்கு ஒரு முற்பகலை ஒதுக்குங்கள். கையில் கொடுக்கத் தமிழ் நூல்கள் சிலவும் கொண்டுபோங்கள்.