சாயங்கால கிரீன் டீ: சாதாவா, டீகாஃபா?

குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் வைத்திருக்கும் வீடுகளில் விடிவதற்கு முன்பே நாள் தொடங்கிவிடும். குளிர்ச்சி இருக்கும்போதே வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். அதனால் ராத்திரி ஒன்பதுக்குப் படுத்தாக வேண்டும். எனக்கோ உடற்பயிற்சிக்கு நேரம் கிடைப்பது சாயங்காலம்தான். ஷட்டில் ஆடிவிட்டு வந்து கிரீன் டீ குடிக்கிற பழக்கம். அதில்தான் சாதாவை விட்டு டீகாஃபுக்கு, அதாவது கஃபீன் நீக்கியதற்கு மாறினேன். இன்றைக்கும் என் ஓட்டு அதற்குத்தான், ஒன்றிரண்டு குறைகளோடு.

உடம்பு இளைக்கும் என்று நினைத்து வாங்குபவர்களுக்கு முதலில் ஒன்று: அந்த விஷயத்தில் இரண்டுமே பெரிதாகக் கைகொடுக்காது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2012-ல் வெளியிட்ட தொகுப்பும், கிரீன் டீயால் குறையும் எடை மிகச் சொற்பம் என்றுதான் சொன்னது. சீனி இல்லாமல் குடித்தால் கலோரி கிடையாது, அவ்வளவுதான். கருப்பட்டி போட்டால் கணக்கில் வராது என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. வரும்.

“கஃபீன் இருந்தால்தானே ஆட்டத்தில் தெம்பு?” என்பார்கள். கஃபீன் விளையாட்டுத் திறனைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் ஆய்வுகளில் வழக்கமாகக் கொடுப்பது உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மி.கி. வரை. 60 கிலோ ஆளுக்குக் குறைந்தது 180 மி.கி. ஒரு கப் கிரீன் டீயில் இருப்பது சுமார் 30. ஆட்டத்துக்கு முன்னால் ஆறு கப் குடித்துவிட்டு யார் கோர்ட்டில் ஓடுவது?

எனக்கு முடிவைத் தீர்மானித்தது தூக்கம்தான். குடித்த கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு கப் சாதா கிரீன் டீ என்றால் 60 மி.கி. இரவு பதினொன்றுக்கும் அதில் 30 மி.கி. மிச்சம். படுக்கையில் இருக்கும்போது ஒரு கப் உள்ளே இருப்பதற்குச் சமம். மூளையில் தூக்கத்தை வரவழைக்கும் அடினோசின் என்ற பொருளின் வழியைத்தான் கஃபீன் அடைக்கிறது. தூக்கம் வந்துவிட்டாலும் அதன் ஆழம் குறையலாம். ஆட்டத்தில் களைத்த தசை சரியாவது தூங்கும்போதுதானே. டீகாஃபில் கப்புக்கு 2 முதல் 5 மி.கி. வரைதான், ஆறு மணிக்கு என்ன, எட்டு மணிக்குக் குடித்தாலும் கவலை இல்லை. மாறியபின் எனக்குப் படுத்ததும் கண் அசருகிறது. ஆனால் அதே சமயத்தில்தான் போனை எட்டு மணிக்கே தூக்கி வைக்கிற பழக்கமும் வந்தது. எல்லாப் பெருமையையும் டீக்குக் கொடுத்துவிட முடியாது.

முதல் அரை நிமிடம் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டால் வீட்டிலேயே டீகாஃப் ஆகிவிடும் என்று ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். அரை நிமிடத்தில் கஃபீனில் சிறு பங்குதான் இறங்கும். கொட்டுவதில் வாசனையும் சேர்ந்து போகும்.

இனி குறை. கஃபீனை எடுக்கும்போது, தேயிலையில் இயல்பாக உள்ள கேட்டகின்கள் என்ற பொருள்களும் கொஞ்சம் சேர்ந்து போகின்றன. கிரீன் டீயின் நன்மை என்று பேசப்படுவதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கேட்டகின்களை, அதிலும் இ.ஜி.சி.ஜி. என்ற ஒரு வகையை வைத்துத்தான். எவ்வளவு போகும் என்பது முறையைப் பொறுத்தது. அழுத்தமேற்றிய கார்பன் டை ஆக்சைடால் எடுத்தால் பெரும்பகுதி இலையிலேயே தங்கும். எத்தில் அசிடேட் கரைப்பானால் எடுத்தால் கணிசமாகப் போய்விடும். அது பழங்களிலும் இருக்கிற பொருள் என்பதால் ‘இயற்கை முறை’ என்று அட்டையில் போட்டுக்கொள்வதும் உண்டு. ஆகவே வாங்குமுன் பெட்டியைத் திருப்பி, கார்பன் டை ஆக்சைடு முறை என்று இருக்கிறதா பாருங்கள். ஒன்றுமே எழுதாத பெட்டியை நான் எடுப்பதில்லை. நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் சாதா எளிதாகக் கிடைக்கும்; டீகாஃபை நான் ஆன்லைனில்தான் வாங்குகிறேன், விலையும் கூடுதல்.

ருசியில் சாதாவே மேல். டீகாஃப் சற்றுச் சப்பென்று இருக்கும். கொதிநீரை ஊற்றாமல் சிறிது ஆறவிட்டு, 80 டிகிரி வாக்கில் ஊற்றினால் கசப்பாவது குறையும்.

சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வதை இரண்டுமே தடுக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நல்லது. ராத்திரி சூடாக ஏதோ ஒன்று போதும் என்பவர்களுக்கு டீகாஃபே தேவையில்லை, சுக்குக்காப்பி இருக்கிறது. காப்பித்தூள் சேர்க்காததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் குடிப்பவர்கள் சாதாவிலேயே இருக்கலாம். டீகாஃபுக்குக் கூடுதல் காசு கொடுக்க அவர்களுக்குக் காரணமே இல்லை.

ஜிம்மில் சிலர் கிரீன் டீ சாறு மாத்திரையை மூன்றாவது வழியாகச் சொல்கிறார்கள், கஃபீன் நீக்கியதும் வருகிறது. அதை நான் தொடவில்லை. இப்படிச் சத்து மாத்திரையாக நாளுக்கு 800 மி.கி. இ.ஜி.சி.ஜி.யோ அதற்கு மேலோ எடுத்தால் கல்லீரலுக்குப் பாதிப்பு வரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது. கஃபீனை எடுத்துவிட்டதால் அந்தக் கவலை தீராது.