மாலையா, மெல்லும் மருந்தா, மாத்திரையா? புகையை விடும் வழிகளில் எது யாருக்கு?

வேலூர்ப் பக்கத்தில் புகைப்பதை நிறுத்தியவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. கார்த்திகை முதல் தேதி காலையில் எந்த டீக்கடைக்குப் போனாலும் நாலைந்து பேராவது கண்ணில் படுவார்கள். கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக வந்து, டீயை மட்டும் குடித்துவிட்டு, கடைத் தூணில் கங்கு கனிந்தபடி தொங்கும் கயிற்றின் பக்கம் திரும்பாமல் போய்விடுவார்கள். தை பிறந்து, மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய மறுநாள் அதே கயிற்றில் பீடி பற்றவைத்துக்கொண்டு நிற்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. ஆம்பூரிலும் பேர்ணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் ரமலான் மாதம் முழுக்க விடிகாலை முதல் மாலை வரை ஒரு தம்கூட இழுக்காதவர்கள், நோன்பு திறந்ததும் முதலில் தேடுவது எதை என்பதும் ஊரறிந்த விஷயம்.

நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இருந்தவன்தான். 19 ஆண்டுகள் புகைத்து, மூன்று முறை விட்டேன்: முதல் முறை எண்ணிக்கையைக் குறைத்து, இரண்டாம் முறை மாலை போட்டு, மூன்றாம் முறை மருத்துவரைப் பார்த்து நிகோடின் சூயிங்கத்தின் துணையோடு. மூன்றாவதுதான் நிலைத்தது. அதற்காக முதல் இரண்டும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். எந்த வழி எந்த இடத்தில் கை கொடுக்கிறது, எந்த இடத்தில் கை விடுகிறது என்பதை அவைதான் எனக்குக் காட்டின.

முறைகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்துக்குள் முதல் பீடியையோ சிகரெட்டையோ பற்றவைக்கிறீர்கள்? இரத்தத்தில் உள்ள நிகோடின் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், இரவு தூங்கி எழும்போது அது ஏறக்குறைய வடிந்திருக்கும். எழுந்த 30 நிமிடத்துக்குள் புகை இல்லாமல் முடியாது என்பவருக்கு உடலின் பிடி கடுமையாக இருக்கிறது; பதினோரு மணி டீயோடுதான் முதல் சிகரெட் என்பவருக்குப் பழக்கத்தின் பிடி அதிகம், உடலின் பிடி குறைவு. ஒரு நாளைக்கு எத்தனை என்ற எண்ணிக்கையைவிட இந்த ஒரு விடை முறையைத் தேர்ந்தெடுக்க அதிகம் உதவும்.

முதலில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா, ஒரேயடியாக நிறுத்துவதா என்ற பழைய வழக்கு. குறைப்பதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றும். நானும் 15-லிருந்து 5-க்கு இறக்கினேன். அந்த ஐந்தும் ஐந்து பண்டிகைகளாகிவிட்டன. ஒவ்வொன்றையும் விரல் சுடும் வரை, நெஞ்சு நிறைய இழுத்தேன். எண்ணிக்கை குறைந்தாலும், உடல் தனக்கு வேண்டிய அளவை ஆழமாக இழுத்து வாங்கிக்கொள்கிறது என்பது பின்னால்தான் புரிந்தது. 2016-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில் 697 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை இரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார்கள், மறுபாதியினரைக் குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தச் சொன்னார்கள். இரு தரப்புக்கும் நிகோடின் மருந்தும் ஆலோசனையும் உண்டு. 4 வாரம் கழித்து ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 49 சதவீதத்தினரும் குறைத்தவர்களில் 39 சதவீதத்தினரும் விலகி நின்றார்கள். 6 மாதத்தில் அது 22-ஆகவும் 15.5-ஆகவும் இருந்தது. ஆகவே, நாள் குறித்து நிறுத்துவதே மேல். எந்தத் துணையும் இல்லாமல் மனவுறுதியை மட்டும் நம்பி நிறுத்துபவர்களில் ஓராண்டு தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தக் கணக்கோடு பார்த்தால் மாலையின் வலிமை வியப்பூட்டுகிறது. எந்த மருந்தும் இல்லாமல் இத்தனை பேர் 41 நாளோ 48 நாளோ தாண்டுகிறார்கள் என்றால், ஊரே கூட நிற்பதுதான் காரணம். டீக்கடைக்காரர் "சாமி, டீ போடட்டுமா?" என்று கேட்பார், பீடிக் கட்டை நீட்ட மாட்டார். கூட்டாளிகள் ஓசி சிகரெட் கொடுக்க மாட்டார்கள், குடிக்கக் கூப்பிட மாட்டார்கள். உடம்பின் கணக்கிலும் இது போதுமான காலம்: நிறுத்திய முதல் மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போகும் எரிச்சலும் தூக்கக்கேடும் பதற்றமும் மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதாவது மாலையைக் கழற்றும் நாளில் உடம்பு நிகோடினை விட்டுப் பல நாள் ஆகியிருக்கும். ஆனால் விரதத்துக்கு முடிவுத் தேதி உண்டு. மனம் விட்டுவிடவில்லை, தள்ளிப்போட்டிருக்கிறது. அந்தத் தேதியில் ஊர் தன் காவலையும் சேர்த்தே கழற்றிவிடுகிறது. நான் விழுந்தது கழற்றிய இரண்டாம் நாள், காட்பாடியில் ரயிலுக்குக் காத்திருந்தபோது. ரமலான் நோன்பு இதிலிருந்து வேறுபட்டது. இரவில் புகைக்கிறவருக்கு நிகோடின் தொடர்பு அறுவதில்லை என்பதால் உடம்பின் வேலை அரைகுறையாகவே நிற்கும். ஆனால் பகல் முழுக்க இருக்க முடிகிறது என்று கண்டவர், நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் பேசி, இரவுக்கு மட்டும் மருந்தின் துணையைக் கேட்டுப் பெறலாம்.

நிகோடின் சூயிங்கத்தைப் பொறுத்தவரை, அது பயன்படவில்லை என்று சொல்பவர்களில் பலர் அதைத் தவறாக மென்றவர்கள். நானே முதல் நாள் வெற்றிலைபோல் மென்று சாற்றை விழுங்கினேன். விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து, காசு போயிற்றே என்று நொந்துகொண்டேன். அதை மெதுவாக மென்று, நாக்கில் மிளகுபோல் சுரீரென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். சுரீர் அடங்கியதும் மறுபடி இரண்டு மூன்று முறை மெல்ல வேண்டும். அரை மணி நேரம் இப்படியே. நிகோடின் வாயின் உட்தோல் வழியாகத்தான் ஏற வேண்டும், வயிற்றின் வழியாக அல்ல. காபியோ பழச்சாறோ குடித்து 15 நிமிடம் ஆகாமல் போட்டால் வாயில் புளிப்புத் தன்மை இருந்து நிகோடின் சரியாக ஏறாது. எழுந்த 30 நிமிடத்துக்குள் புகைப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவருக்கு 2 மில்லிகிராம்; சுமார் 12 வாரங்களில் படிப்படியாக நிறுத்த வேண்டும். தோலில் ஒட்டும் பட்டை நாள் முழுக்கச் சீராக நிகோடின் கொடுக்கும், மெல்லும் தொல்லை இல்லை. ஆனால் 40 பாகையைத் தாண்டும் நம் சித்திரை வெயிலில், தோல் தொழிற்சாலையிலோ கட்டட வேலையிலோ இருப்பவருக்கு வியர்வையில் அதன் ஓரம் பெயர்ந்து வந்துவிடும். பட்டையையும் சூயிங்கத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் நம்புவதைவிடப் பலன் தரும்.

மாத்திரைகளில் வரனிக்லின், புப்ரோபியான் இரண்டும் மருத்துவர் சீட்டோடு மட்டுமே எடுக்க வேண்டியவை. இரண்டையும் நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குவது வழக்கம். வரனிக்லின், நிகோடின் போய் உட்காரும் இடத்தை மூளையில் தான் பிடித்துக்கொள்வதால், நடுவில் புகைத்தாலும் பழைய சுகம் கிடைக்காது. குமட்டலும் விநோதமான கனவுகளும் சிலருக்கு வரும். வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது. பலமுறை தோற்றவர்களும் இதய, நுரையீரல் நோய் வந்தவர்களும் மருத்துவரிடம் மாத்திரை பற்றிக் கேட்பதைத் தள்ளிப்போட வேண்டாம் என்பது என் கருத்து. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ சி.எம்.சி.யிலோ நெஞ்சக நோய்ப் பிரிவிலும் மனநலப் பிரிவிலும் கேட்கலாம். 1800-11-2356 என்ற இலவச ஆலோசனை எண் சிகரெட் பெட்டியிலேயே அச்சாகியிருக்கிறது. சில்லறையாக ஒன்றிரண்டு வாங்குபவர் பெட்டியைப் பார்ப்பதே இல்லை என்பது வேறு.

மின்சிகரெட்டை 2019-இல் சட்டம் தடைசெய்துவிட்டதால் அது இங்கே ஒரு தெரிவே இல்லை. மூலிகை பீடியும் எரிந்து தாரும் கார்பன் மோனாக்சைடும் தரும் புகைதான். புகையை விட்டு மெல்லும் புகையிலைக்கு மாறுபவர் நிகோடினையும் விடவில்லை, வாய்ப்புற்றுநோயையும் தேடிப் போகிறார்.

பீடிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பீடியில் புகையிலை குறைவு, அதனால் மருந்தெல்லாம் சிகரெட்காரர்களுக்குத்தான் என்ற எண்ணம் நம் பக்கம் பரவலாக உண்டு. பீடி அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் உள்ளே போகும் நிகோடினும் தாரும் சிகரெட்டுக்குக் குறைந்தவை அல்ல. இன்னொரு சிக்கல், வீட்டில் உள்ள புகைப்பொருளை எல்லாம் அப்புறப்படுத்துங்கள் என்று எல்லா ஏடுகளும் சொல்வது. குடியாத்தத்திலும் பேர்ணாம்பட்டிலும் மனைவியோ அம்மாவோ மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றும் வீட்டில் எதை அப்புறப்படுத்துவது? இலையும் தூளும்தான் அந்த வீட்டின் வருமானம். அத்தகைய வீட்டில் மனவுறுதியை மட்டும் நம்புவது நியாயமே அல்ல; பட்டையோ மாத்திரையோ கட்டாயம் வேண்டும், சுற்றிக் கட்டிய பீடிகளை எண்ணி வைக்கும் பொறுப்பு புகையை விடுகிறவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புகையை நிறுத்தியதும் வழக்கமான நான்கு காபி உடம்பில் கூடுதல் நேரம் தங்கும், ஏனென்றால் காபியின் காஃபீனை விரைவில் செரிக்கவைத்ததே புகைதான். அந்தப் படபடப்பைப் பலர் நிகோடின் ஏக்கம் என்று நினைத்து மீண்டும் பற்றவைத்துவிடுகிறார்கள். முதல் மாதம் காபியையும் டீயையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

என் தேர்வைக் கேட்டால் இப்படிச் சொல்வேன்: காலை டீக்கு முன்பே புகைப்பவர் மருத்துவரைப் பார்த்து மாத்திரையையோ பட்டையும் சூயிங்கமும் சேர்ந்ததையோ எடுக்கட்டும், மதியம் வரை தாங்குபவருக்கு 2 மில்லிகிராம் சூயிங்கமும் தொலைபேசி ஆலோசனையும் போதும். மாலை போடுபவர் மலையிலிருந்து இறங்கும் நாளை நிரந்தரமாக நிறுத்தும் நாளாகக் குறித்துக்கொண்டு, மாலையைக் கழற்றிய கையோடு டீக்கடைக்காரரிடம், "எனக்கு இன்னும் மூணு மாசம் சாமிதான்" என்று சொல்லிவைக்கலாம். எங்கள் தெருவில் ஒருவர் அப்படித்தான் சொன்னார். பங்குனி முடியும் வரை அந்தக் கடைக்காரர் அவருக்குப் பீடி விற்கவில்லை.