அட்டர்னி ஜெனரலை வீட்டுக்கு அனுப்புவது யார்? அமெரிக்க மாநிலங்களின் நான்கு வழிகள்

நம்மூரில் அட்டர்னி ஜெனரல் என்றால் டெல்லியில் ஒன்றிய அரசுக்காக வாதாடுபவர். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியாக ஒருவர் உண்டு. 50 மாநிலங்களில் 43-ல் அவரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அலாஸ்கா, ஹவாய், நியூ ஹாம்ப்ஷயர், நியூ ஜெர்சி, வயோமிங் ஆகிய ஐந்தில் ஆளுநர் நியமிக்கிறார். மேய்னில் சட்டமன்றம், டென்னசியில் மாநில உச்ச நீதிமன்றம்.

அங்கே ஆளுநர் என்பவர் ராஜ்பவன்காரர் அல்ல. நம் முதலமைச்சரைப் போல ஆட்சியை நடத்துபவர். அதனால் நான்கு முறைகளையும் உரசிப் பார்க்க ஒரு கேள்வி போதும்: ஆளுநரோடு முட்டிக்கொண்டால் மறுநாள் அட்டர்னி ஜெனரலுக்கு நாற்காலி இருக்குமா?

தேர்தல் முறைக்கு ஆதரவான ஆகச் சிறந்த சாட்சி மிசிசிப்பி. 1994-ல் அதன் அட்டர்னி ஜெனரல் மைக் மூர், சிகரெட் கம்பெனிகள் மீது வழக்குப் போட்டார். புகைத்து நோய்ப்பட்ட ஏழைகளுக்கு மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவ உதவித் திட்டம் வழியாக மாநிலம் செலவழித்த பணத்தைத் திருப்பிக் கொடு என்பதுதான் கோரிக்கை. ஆளுநர் கர்க் ஃபோர்டைஸ் எதிர்க்கட்சிக்காரர். வழக்கை நிறுத்தச் சொல்லி அவரே நீதிமன்றத்துக்குப் போனார். நடக்கவில்லை. மூரை நியமித்தவர் அவராக இருந்திருந்தால் ஒரு கடிதத்தில் கதை முடிந்திருக்கும். 1997-ல் மிசிசிப்பி தனியாக உடன்பாடு கண்டது. 1998 நவம்பரில் 46 மாநிலங்கள் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்தின் மதிப்பு, முதல் 25 ஆண்டுகளுக்கு மட்டும் சுமார் 20,600 கோடி டாலர்.

அதே பூட்டு எதிர்ப்பக்கமும் பூட்டும். நல்லவரை ஆளுநர் நீக்க முடியாதென்றால் சிக்கலில் மாட்டியவரையும் நீக்க முடியாது. பென்சில்வேனியா 1978-ல் அரசமைப்பைத் திருத்தி, 1980 முதல் நியமனத்திலிருந்து தேர்தலுக்கு மாறியது. 2012-ல் வென்ற கேத்லீன் கேன், 2016-ல் பொய்ச் சாட்சியம் உள்ளிட்ட குற்றங்களில் தண்டிக்கப்பட்ட பிறகே பதவி விலகினார். டெக்சாஸில் கென் பாக்ஸ்டன் மீது 2015-ல் பங்குப் பத்திர முதலீட்டு மோசடிக் குற்றச்சாட்டு வந்தது. 2018, 2022 இரண்டு தேர்தலிலும் வென்றார். அந்த வழக்கு 2024-ல் ஓர் உடன்பாட்டோடு கைவிடப்பட்டது. இடையில் 2023 மே மாதம் கீழவை 121-க்கு 23 என்ற கணக்கில் அவர் மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டு நிறைவேற்றியது. செப்டம்பரில் மேலவை விடுவித்துவிட்டது.

தேர்தல் முறையின் இன்னொரு ஓட்டை பிரசாரத்திலேயே தெரியும். 'குற்றவாளிகளை உள்ளே தள்ளுவேன்' என்று விளம்பரம் ஓடும். பெரும்பாலான மாநிலங்களில் கொலை, கொள்ளை வழக்குகளை நடத்துவது மாவட்ட அரசு வழக்கறிஞர். அட்டர்னி ஜெனரலின் தினசரி வேலை நுகர்வோர் மோசடி, மேல்முறையீடு, அரசுத் துறைகளுக்குச் சட்டக் கருத்து, மாநிலத்தின் மீது வரும் வழக்குகள் இவைதான். டெலவேர், ரோட் ஐலண்ட், அலாஸ்கா போன்ற சில மாநிலங்கள் விலக்கு. அங்கே பெரிய குற்ற வழக்குகளும் இந்த அலுவலகத்துக்கே வரும். மற்ற இடங்களில் அந்த விளம்பரத்தை நம்பி ஓட்டுப் போடுவது, கணக்காளர் வேலைக்கு ஓடத் தெரியுமா என்று பார்ப்பது போல.

எண்ணிக்கையும் ஒரு தலைவலி. ஓட்டுச்சீட்டில் ஆளுநர் பெயருக்குக் கீழே வரும் பதவி என்பதால் பலர் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். வர்ஜீனியாவில் 2005-ல் 19 லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தும் பாப் மெக்டானல் மறு எண்ணிக்கைக்குப் பின் வென்றது 360 ஓட்டில். அதே மாநிலத்தில் 2013-ல் முதலில் முன்னிலை காட்டியவர் மார்க் ஓபன்ஷைன். ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் போல) எண்ணப்படாமல் கிடந்த தபால் ஓட்டுகள் கண்ணில் பட்டதும் நிலவரம் திரும்பியது. 165 ஓட்டில் மார்க் ஹெரிங் வென்றதாகச் சான்றளித்தார்கள். மறு எண்ணிக்கையில் அது 907 ஆனது. அரிசோனாவில் 2022-ல் கிரிஸ் மேயஸ் 511 ஓட்டு முன்னிலை. மறு எண்ணிக்கையில் 280 ஆகச் சுருங்கியது. பினால் கவுன்ட்டியில் மனிதத் தவறால் சுமார் 500 ஓட்டுகள் முதல் கணக்கில் விட்டுப்போயிருந்தன. அரிசோனாவில் வித்தியாசம் 0.5 சதவீதத்துக்குள் வந்தால் மறு எண்ணிக்கை தானாக நடக்கும். வர்ஜீனியாவில் தோற்றவர் கேட்டால்தான். துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸுக்கும் கலிஃபோர்னியாவில் 2010-ல் இதே கதைதான். தேர்தல் இரவே எதிராளி ஸ்டீவ் கூலி வெற்றி என்று அறிவித்துவிட்டார். மூன்று வாரம் கழித்து அவரே தோல்வியை ஒப்புக்கொண்டார். வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

கட்சிப் பணமும் இதில் சேர்த்தி. 1999-ல் குடியரசுக் கட்சி அட்டர்னி ஜெனரல்களுக்கென்று தனிச் சங்கம் உருவானது. பிறகு ஜனநாயகக் கட்சிக்கும் ஒன்று. பதவியில் இருப்பவரை எதிர்த்து எதிர்ச் சங்கம் பணம் இறைக்காது என்றொரு வாய்மொழி ஒப்பந்தம் 2017 வரை இருந்தது, பிறகு அதுவும் போயிற்று. அட்டர்னி ஜெனரலைச் சுருக்கிச் சொல்லும் ஏ.ஜி. என்றால் 'ஆஸ்பைரிங் கவர்னர்', அதாவது ஆளுநர் நாற்காலிக்கு வரிசையில் நிற்பவர், என்ற பழைய கிண்டல் சும்மா வரவில்லை.

நியமன மாநிலங்களை ஒரே மூட்டையில் கட்டுவது தவறு. வயோமிங்கில் ஆளுநர் விரும்பும் வரைதான் பதவி. நம் மாநில அரசுக்காக வாதாடும் அட்வகேட் ஜெனரலின் நிலையும் கிட்டத்தட்ட அதுவே. நியூ ஜெர்சியில் மேலவையின் ஒப்புதலோடு ஆளுநர் நியமிப்பார், ஆனால் மற்ற துறைத் தலைவர்களைப் போல நினைத்தபோது அனுப்ப முடியாது. ஆளுநரின் பதவிக்காலம் முழுக்க இருக்கலாம். நீக்க வேண்டுமென்றால் காரணம் காட்டி விசாரிக்க வேண்டும். மாநிலப் போலீஸும் அவர் கையில். ஓட்டு வேட்டையும் இல்லை, தினமும் முகம் பார்த்து நிற்பதும் இல்லை. நான்கு வழிகளில் காகிதத்தில் சிறந்தது இதுதான். நிரந்தரத் தகராறு வந்தால் மட்டும் பலவீனம்: மைக் மூர் போன்ற எதிர்க்கட்சிக்காரர் இந்த வழியில் உள்ளேயே வரமாட்டார்.

டென்னசியில் ஐந்து நீதிபதிகள் சேர்ந்து எட்டு ஆண்டுக்கு ஒருவரை நியமிக்கிறார்கள். அரசியலே தொடாது என்று தோன்றும். ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை எதிர்த்த வழக்கில் அப்போதைய அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கூப்பர் சேர மறுத்தார். 2014-ல் மூன்று நீதிபதிகள் பதவியில் நீடிக்கலாமா என்ற வாக்கெடுப்பு வந்தபோது அதையும் சுட்டிக்காட்டித்தான் அவர்களுக்கு எதிராகப் பிரசாரம் நடந்தது. மூவரும் தப்பினார்கள். சில வாரத்தில் அதே நீதிமன்றம் கூப்பரை மாற்றி, ஆளுநரின் சட்ட ஆலோசகராக இருந்த ஹெர்பர்ட் ஸ்லாட்டரியை நியமித்தது.

மேய்னில் 186 உறுப்பினர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ரகசிய ஓட்டுப் போடுகிறார்கள். இரண்டு ஆண்டு மிகக் குறைவு. சட்டமன்றம் கை மாறினால் ஆளும் மாறுவார். ஜேனட் மில்ஸ் 2009-ல் வந்தார், 2011-ல் போனார், 2013-ல் திரும்பி வந்தார். ஆளுநர் பால் லெபேஜுடன் அவருக்கு ஒத்தே போகவில்லை. 2017-ல் லெபேஜ் அவர் மீது வழக்கே போட்டார், நீக்க வழியில்லாததால். 2018 தேர்தலில் மில்ஸ் வென்று, லெபேஜின் நாற்காலியிலேயே ஆளுநராக உட்கார்ந்தார்.