டெங்குவை எவ்வளவு படித்தால் போதும்? பிசிஆர், இ ஜீன், முழு ஜீனோம்

பெங்களூரில் மழை பிடித்துவிட்டால் டெங்கு டெஸ்ட் எடுக்காத வீட்டைப் பார்ப்பது அரிது. 2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாகவே அறிவித்தது. ஆனால் ரத்தத்தில் வைரஸின் ஒரு புரதத்தைத் தேடும் என்எஸ்1 டெஸ்டின் ரிப்போர்ட் டெங்கு உண்டா இல்லையா என்பதோடு நின்றுவிடும். டெங்குவின் நாலு வகையில், அதாவது நாலு செரோடைப்பில் எது, போன வருடம் சுற்றிய அதே வைரஸா, வேறெங்கிருந்தாவது வந்து இறங்கியதா என்று தெரிய வேண்டுமென்றால் வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏவைப் படிக்க வேண்டும். எவ்வளவு படிப்பது என்பதில்தான் போட்டியே. முழு ஜீனோம், அதாவது அந்த ஆர்என்ஏ மொத்தத்தையும் படிக்கும் வசதி இருக்கும்போது மற்றதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் இந்த ஊரில் அதிகம். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. டெங்குவின் ஆர்என்ஏ ஏறத்தாழ 10,700 எழுத்து நீளம். அதில் வருடத்துக்கு ஏழெட்டு எழுத்து மாறி நிலைக்கிறது. மேலுறைப் புரதத்துக்கான இ ஜீன் 1,485 எழுத்து, டெங்கு-3இல் மட்டும் 1,479. அங்கே வருடத்துக்குச் சுமார் ஓர் எழுத்து மாறும். 1990இல் ரெபெக்கா ரிகோ-ஹெஸ்ஸே டெங்குவை ஜீனோடைப்புகளாக, அதாவது ஒரு செரோடைப்புக்குள் உள்ள மரபுக் கிளைகளாகப் பிரித்தபோது பார்த்தது, இ ஜீனும் என்எஸ்1 ஜீனும் சந்திக்கும் இடத்தில் வெறும் 240 எழுத்து. அந்தத் துண்டில் ஒரு மாற்றம் வர ஐந்தாறு வருடம் ஆகலாம். எந்த முறை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் என்பது பெரும்பாலும் இந்த எண்களிலேயே அடங்கிவிடுகிறது.

ஆர்என்ஏவின் ஒரு துண்டை மட்டும் நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் இருப்பதிலேயே மலிவு, வேகமும் அதிகம். 1992இல் லான்சியோட்டி குழு கொண்டுவந்த முறையில் நாலு செரோடைப்புக்கும் நாலு நீளத்தில் துண்டு கிடைக்கும். டெங்கு-1க்கு 482 எழுத்து, டெங்கு-2க்கு 119, டெங்கு-3க்கு 290, டெங்கு-4க்கு 392. துண்டுகளை நீளப்படி பிரிக்கும் ஜெல்லில் பட்டை எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே வகை தெரிந்துவிடும். இன்று ரியல்-டைம் பிசிஆரில் ஜெல்லும் வேண்டாம். ஒரே ஆளுக்கு இரண்டு டெங்கு சேர்ந்து வந்திருந்தால் இது பளிச்சென்று காட்டிவிடும். எழுத்து எழுத்தாக வரிசை படிக்கும் பழைய சாங்கர் முறையில் படித்தால் அதே சாம்பிள் குழம்பிப்போகும். பிசிஆரின் பலவீனம் பிரைமர், அதாவது வைரஸில் ஒட்டிக்கொண்டு நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குறுந்துண்டு. என்றோ எங்கோ எடுத்த வைரஸுக்காக எழுதியது அது. உள்ளூர் வைரஸ் அந்த இடத்தில் மாறியிருந்தால் பட்டையே வராது, நாமும் டெங்கு இல்லை என்று எழுதிவிடுவோம்.

நாலில் எது என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை கூட பிசிஆர் சொல்லாது. அதற்கடுத்த படிக்குத்தான் இ ஜீன். நம் பக்கத்துக் கதையே இதற்கு நல்ல உதாரணம். இந்தியாவில் டெங்கு-1 என்றால் நெடுநாள் அமெரிக்க-ஆப்பிரிக்க ஜீனோடைப்தான். 2012இல் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஆசிய ஜீனோடைப் தலைகாட்டியது. பிசிஆருக்கு இரண்டுமே டெங்கு-1. டெங்கு-2இலும் இப்படித்தான், பழைய அமெரிக்க ஜீனோடைப் போய் காஸ்மோபாலிடன் வந்து உட்கார்ந்துவிட்டது. தசாப்தங்களில் நடக்கும் இந்த மாதிரி ஆள்மாற்றத்தைப் பிடிக்க இ ஜீன் தாராளம். சாம்பிளை பிசிஆரில் பெருக்கி வெளியே சாங்கருக்கு அனுப்பினால் ஒரு சாதாரணக் கல்லூரி ஆய்வுக்கூடத்தாலேயே முடியும்.

தலைவலி பெயர்களில்தான். ஒரு கட்டுரையில் ஜீனோடைப் 3 என்று இருக்கும், இன்னொன்றில் அதே வைரஸ் ஜீனோடைப் 5 ஆகியிருக்கும். டெங்கு-1இன் அமெரிக்க-ஆப்பிரிக்கக் கிளைக்கு நேர்ந்த கதி இது. யாருடைய திட்டத்தைப் பின்பற்றுகிறோம் என்று எழுதாமல் எண்ணை மட்டும் போடுவது படிப்பவரைச் சுற்றலில் விடும் வேலை.

சிக்குன்குனியாவுக்கு வந்தால் குறைவாகப் படிப்பதே போதும் என்பேன். 1960களில் கொல்கத்தாவிலும் சென்னையிலும் பரவியது ஆசிய ஜீனோடைப். 2006இல் கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் முடக்கிப்போட்டது கிழக்கு-மத்திய-தென் ஆப்பிரிக்க ஜீனோடைப். அப்புறம் கேரளத்தில் இ1 புரதத்தின் 226ஆம் இடத்தில் அலனைன் என்ற அமினோ அமிலம் போய் வேலின் வந்தது. ஒரே ஓர் எழுத்து மாறியதன் விளைவு. அதனால் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவில் வைரஸ் நன்றாக வளர ஆரம்பித்தது, ரப்பர் தோட்டமும் புதரும் உள்ள ஊர்களில் அந்தக் கொசுதான் அதிகம். இவை எல்லாவற்றையும் இ1 ஜீனை மட்டும் படித்தே சொல்லிவிடலாம்.

சரி, முழு ஜீனோம். அது காட்டும் விஷயங்கள் பிரமாதம்தான், மறுக்கவில்லை. நம்மூர்ப் பெரியவர்கள் இன்னும் டாடா இன்ஸ்டிடியூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில் ராகுல் ராய் குழு, 1956 முதல் 2018 வரையிலான 408 இந்திய டெங்கு வரிசைகளை ஒப்பிட்டு 2023இல் வெளியிட்டது. 2012 வரை டெங்கு-1, டெங்கு-3 ஓங்கியிருந்ததும், பிறகு நாடெங்கும் டெங்கு-2 மேலெழுந்ததும், தென்னிந்தியாவில் டெங்கு-4 தனக்கென ஓர் இடம் பிடித்ததும் அதில் தெரிந்தது. அமெரிக்கக் கண்டத்தில் அண்மையில் பரவிய டெங்கு-3 கிளை 2018க்கும் 2020க்கும் இடையில் அநேகமாக இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து போனது என்று கண்டதும் முழு ஜீனோமால்தான். அந்தக் கிளைக்கு இப்போது டெங்கு-3, ஜீனோடைப் 3, பி.3.2 என்று முகவரி. செரோடைப், ஜீனோடைப், பெருங்கிளை, சிறுகிளை என்று வரிசையாகப் பெயர் வைக்கும் இந்தத் திட்டம் 2024இல் வந்தது. மேலே சொன்ன பெயர்க் குழப்பத்துக்கு இதுவரை வந்ததில் இதுதான் உருப்படியான மருந்து.

எனக்குச் சம்மதமில்லாத பாதி இனிமேல்தான். ஸ்ரீராமபுரத்தில் ஒரு குடும்பம் வார விடுமுறைக்குக் கிருஷ்ணகிரி போய் வருகிறது, அடுத்த வாரம் காய்ச்சல். கொசு கடித்தது மாநில எல்லையான அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? முழு ஜீனோம் சொல்லிவிடும் என்று நம்புகிறார்கள். வருடத்துக்கு ஏழெட்டு என்றால் ஆறேழு வாரத்துக்கு ஓர் எழுத்து. ஓர் ஆளிடமிருந்து கொசு வழியாக இன்னோர் ஆளுக்குப் போக இரண்டு மூன்று வாரம். அதாவது இரண்டு மூன்று பேரைத் தாண்டியும் வரிசை அச்சு அசலாக அப்படியே இருக்கலாம். அதோடு ஓசூர்ப் பக்கத்து சாம்பிள்களை யாரும் படிக்காவிட்டால், வரிசைகளை ஒப்பிட்டு வரையும் வம்ச மரத்தில் பெங்களூர் வைரஸுக்குப் பக்கத்தில் பெங்களூர் வைரஸ்தானே நிற்கும்? உள்ளூரிலேயே பரவியது என்று தோன்றும். அது சாம்பிள் எடுத்த இடத்தின் கோளாறு.

சாம்பிளின் தரமும் பார்க்க வேண்டும். காய்ச்சலின் ஐந்தாம் நாளுக்குப் பிறகு ரத்தத்தில் வைரஸ் சரசரவென்று குறையும். பிசிஆருக்கு அது போதலாம், முழு ஜீனோமில் ஓட்டை ஓட்டையாக வரும்.

அதனால் ஒரு மருத்துவமனையோ மாநகராட்சியோ காசு ஒதுக்கினால், முதல் ஒதுக்கீடு எல்லா பாசிட்டிவ் சாம்பிளுக்கும் செரோடைப் பிசிஆர் என்பேன். எந்த வட்டாரத்தில் எது ஏறுகிறது என்று அந்த வாரமே தெரிய வேண்டும். இரண்டாம் முறை வேறு செரோடைப் தாக்கினால் நோய் முற்றும் அபாயம் கூடும் என்பதால் மருத்துவருக்கு உடனே பயன்படும் தகவலும் அதுதான். இ ஜீனைக் கல்லூரிகளிடம் விடலாம். முழு ஜீனோமுக்கு வைரஸ் நிறைய உள்ள முதல் மூன்று நாள் சாம்பிள்களில் கொஞ்சம், டெங்கு-4 கிடைத்தால் அத்தனையும், அப்புறம் என்எஸ்1 பாசிட்டிவாகியும் பிசிஆரில் பட்டை வராதவற்றில் சில. இந்தக் கடைசி வகையைத்தான் வழக்கமாகக் குப்பையில் போடுகிறார்கள். பிரைமரிலிருந்து நழுவிய வைரஸ் இருந்தால் அதில்தான் இருக்கும்.