காட்பாடியா, கண்டோன்மெண்டா?

வேலூருக்கு ரயிலில் வருகிறவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். இரண்டு நிலையங்களுக்கும் நடுவே பாலாறும், சுமார் பத்து கிலோமீட்டர் தண்டவாளமும். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் வேலூர் டவுன் என்று இன்னொரு நிலையமும் உண்டு.

காட்பாடி பெரிய ஜங்ஷன். சென்னை, ஜோலார்பேட்டை, திருப்பதி, விழுப்புரம் என நான்கு பக்கமும் பாதை பிரிகிறது. வெளிமாநில வண்டிகளில் பெரும்பாலானவை இங்கேதான் நிற்கும். சி.எம்.சி.க்கு நோயாளியோடு வருகிறீர்களா? காட்பாடியிலேயே இறங்கிவிடுங்கள். கண்டோன்மெண்டுக்கு இணைப்பு வண்டி பிடிக்கலாம் என்று உடம்பு முடியாதவரை பிளாட்பாரத்தில் உட்காரவைக்காதீர்கள். வாசலிலேயே டவுன் பஸ், ஆட்டோ கிடைக்கும். வி.ஐ.டி. மாணவர்களுக்கும் இதுவே பக்கம்.

கண்டோன்மெண்ட் விழுப்புரம் பாதையில் இருக்கும் அமைதியான நிலையம். கண்ணமங்கலம், ஆரணி ரோடு, போளூர் போகிற வேலூர்க்காரர்கள் காட்பாடிவரை அலைய வேண்டாம், இங்கேயே ஏறலாம். சென்னை கடற்கரையிலிருந்து இந்த நிலையம்வரை வந்த ரயில் 2024-இல் திருவண்ணாமலைவரை நீட்டிக்கப்பட்டது; கிரிவலம் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி. வண்டிகள் குறைவு என்பதால் நேரம் பார்த்துக் கிளம்புங்கள்.