கழுத்துப் பட்டையில் தப்பு வாசகம்: கிருஷ்ணகிரி ஜெர்சி கடையின் 'இந்தியா ஜூனியர்' வரிசை

கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் இருக்கும் அந்த ஜெர்சி பிரிண்டிங் கடையில் மே மாதம் போனால் நிற்கக்கூட இடம் இருக்காது. மாங்காய் லாரிக்கும் லீவு டோர்னமெண்டுக்கும் ஒரே சீசன். காவேரிப்பட்டணம், பர்கூர், காரிமங்கலம், பாலக்கோடு எனச் சுற்றுவட்டாரப் பசங்கள் அணிகள் எல்லாம் இங்கேதான் வருகின்றன. கடையில் இப்போது 'இந்தியா ஜூனியர்' என்று ஒரு வரிசை போட்டிருக்கிறார்கள். 1974, 2017, 2018 என மூன்று மாடல். இந்திய இளையோர் கால்பந்து அணிகள் பெயர் வாங்கிய மூன்று ஆண்டுகள் அவை. ஜெர்சியும் ஷார்ட்ஸும் சேர்ந்த செட் 450 ரூபாய், 15 செட்டுக்குக் கீழே போனால் 520.

துணி நன்று, அச்சு மிக நன்று, தையல் பரவாயில்லை. வரலாற்றில்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள். மூன்று மாடலிலும் கழுத்துப் பட்டையில் ஒரு வரி அச்சாகிறது, மூன்றிலும் பிழை. புரூஃப், அதாவது அச்சுக்கு முன் காட்டும் மாதிரி, பார்க்காமல் ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள்.

1974 மாடலில் 'அண்டர்-17 ஆசிய சாம்பியன்' என்று இருக்கிறது. அந்த ஆண்டு பாங்காக்கில் இந்தியா வென்றது ஆசிய இளையோர் சாம்பியன்ஷிப்பை, அது பெரிய வயதுப் பிரிவு. இப்போது அண்டர்-17 என்று நடக்கும் போட்டி, 16 வயதுப் பிரிவுக்கான ஆசியப் போட்டியாகத் தொடங்கியதே 1985இல் கத்தாரில்தான். அதோடு 1974இல் வென்றது தனிப் பட்டமும் அல்ல. ஈரானுடனான இறுதி ஆட்டம் 2-2 என முடிய, இரண்டு அணிகளும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. ஷபீர் அலி தலைமையில் ஆடிய அணி அது. 'ஆசிய இளையோர் சாம்பியன் 1974, ஈரானுடன் பகிர்ந்தது' என்று மாற்றச் சொல்லுங்கள். பட்டையில் இடம் போதாது என்பார்கள். எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் தாராளமாகப் போதும்.

2017 மாடலின் பிழை சிரிப்பை வரவழைக்கும். 'இந்தியா 1 கொலம்பியா 1, 9.10.2017' என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்த ஸ்கோர் நிஜமாகவே இருந்தது, ஆனால் ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். டெல்லி ஜவாஹர்லால் நேரு அரங்கில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஆட்டம். 82ஆம் நிமிடத்தில் சஞ்சீவ் ஸ்டாலின் கார்னர் அடிக்க, மணிப்பூரின் ஜீக்சன் சிங் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். ஃபிஃபா உலகக் கோப்பை எதிலும் இந்தியா அடித்த முதல் கோல் அதுதான். அரங்கம் கொண்டாடி முடிப்பதற்குள் கொலம்பியா மறுபடி கோல் போட்டுவிட்டது. முடிவு 1-2. கடைக்காரர் கடிகாரத்தை அந்த ஒரு நிமிடத்திலேயே நிறுத்திவிட்டார். வேண்டுமென்றே செய்ததாக இருந்தால் கைதட்டலாம். கேட்டால், "நெட்ல அப்படித்தான் இருந்துச்சுங்க" என்கிறார்கள்.

அந்தத் தொடரில் இந்தியாவின் முழுக் கணக்கு தெரிந்தால்தான் அந்த ஒரு கோலின் எடை புரியும். அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4. அடித்தது 1, வாங்கியது 9. போட்டியை நடத்திய நாடு என்பதால் தகுதிச் சுற்று இல்லாமலே இடம் கிடைத்தது. லூயிஸ் நார்ட்டன் டி மாட்டோஸ் பயிற்சியாளர், அமர்ஜித் சிங் கேப்டன். கார்னர் அடித்த சஞ்சீவ் ஸ்டாலின் பிறந்தது பெங்களூரில். ஓசூர் தாண்டினால் வந்துவிடும் ஊர் என்பதால் இந்தப் பக்கத்துப் பசங்களுக்கு அவர் பெயர் மீது தனிப் பிரியம். முதுகில் யார் பெயர் போடலாம் என்று கேட்டால் பாதிப் பேர் 'ஸ்டாலின்' என்கிறார்கள். தேர்தல் சமயத்தில் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும், யோசித்துக்கொள்ளுங்கள். ஜெர்சியில் அரசியல் வாசகம் கூடாது என்று ஆட்ட விதி 4 சொல்கிறது. நடுவர் கேட்டால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

2018 மாடலில் 'அண்டர்-17 ஆசியக் கோப்பை' என்று இருக்கிறது. அந்தப் பெயர் 2023 போட்டியிலிருந்துதான் வந்தது. 2018இல் மலேசியாவில் நடந்தபோது அது 16 வயதுக்குட்பட்டோர் சாம்பியன்ஷிப். பிபியானோ பெர்னாண்டஸ் பயிற்சியளித்த அந்த அணி வியட்நாமை 1-0 என வென்றது, ஈரானையும் இந்தோனேசியாவையும் கோல் இல்லாமல் கட்டிப்போட்டது. காலிறுதியில் தென் கொரியாவிடம் 0-1. நான்கு ஆட்டத்தில் அடித்ததும் ஒன்று, வாங்கியதும் ஒன்று. அந்தக் காலிறுதியை ஜெயித்திருந்தால் 2019 உலகக் கோப்பைக்குச் சொந்தக் காலில் போயிருப்பார்கள். மூன்று மாடலில் உண்மையாகவே கொண்டாட வேண்டியது இதுதான். அதிகம் விற்பதோ 2017. உலகக் கோப்பை என்ற சொல்லுக்கு உள்ள மவுசு அது.

கடையில் நிற்கும் தம்பி 2018 மாடலைக் காட்டி, "இதுதாண்ணா அர்ஜென்டினாவ அடிச்ச டீம்" என்று விற்கிறார். அது வேறு அணி. அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்பெயினில் நடந்த கோடிஃப் போட்டியில் அர்ஜென்டினாவை 2-1 என வென்றது 20 வயதுக்குட்பட்டோர் அணி, பயிற்சியாளர் ஃபிளாய்ட் பின்டோ.

வயதுப் பிரிவு விஷயத்தில் ஆர்டர் படிவத்திலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. 'வயது' என்று ஒரு கட்டம் வைத்து, அதை வைத்துச் சைஸ் முடிவு செய்கிறார்கள். கால்பந்தில் கணக்கு பிறந்த ஆண்டுதான். 2017 உலகக் கோப்பைக்கு 2000 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள், 2018 ஆசியப் போட்டிக்கு 2002 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள். அணிப் பட்டியலையும் ஜெர்சிப் பட்டியலையும் ஒரே தாளில் எழுதிவைத்தால் பிறந்த ஆண்டு, நம்பர், மார்புச் சுற்று மூன்றும் ஒத்துப்போகும். நம்பர் மாறி அச்சாகிப் போட்டி அன்று காலையில் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை மிச்சம்.

இனி துணி. 2017, 2018 மாடல்கள் டாட் நிட் (புள்ளி புள்ளியான பின்னல்) பாலியஸ்டர், 150 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை). நம் வெயிலுக்கு இது சரியான கனம். 1974 மாடலுக்குப் பழைய பாணிக் காலர் வைத்து 200 ஜி.எஸ்.எம். இன்டர்லாக் என்ற இரட்டைப் பின்னல் துணி போட்டிருக்கிறார்கள். பார்க்க அழகு, போட்டால் வேகும். வியர்வையைப் பிடித்துவைத்துக்கொள்வதால் இரண்டாம் பாதியில் ஜெர்சி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். பரிசளிப்பு விழாவுக்கு வாங்கலாம், மதிய ஆட்டத்துக்கு வேண்டாம். வெளிர் நிறம் கேட்பவர்கள் மட்டும் 180க்குப் போங்கள். 150இல் வெள்ளை ஜெர்சி நனைந்தால் உள்ளே இருப்பது தெரியும், பெண்கள் அணிக்கு அது ஆகாது.

அச்சு முழுக்க சப்ளிமேஷன். பேப்பரில் அச்சடித்து, 200 டிகிரி அளவில் சூடாக்கி, மையை ஆவியாக்கித் துணிக்குள்ளேயே இறக்குவது. அதனால் உரியாது, வெடிக்காது, காற்றையும் அடைக்காது. ஸ்டிக்கர் பிரிண்ட் 80 ரூபாய் குறைவு என்று ஆசை காட்டுவார்கள். செம்மண் சரளைத் தரையில் நான்கு முறை சறுக்கினால் ஸ்டிக்கர் நம்பரின் ஓரம் தூக்கிக்கொள்ளும், ஐந்தாவது முறை 8 என்பது 3 ஆகிவிடும். சப்ளிமேஷனையே கேளுங்கள். ஆனால் அது பாலியஸ்டரில்தான் பிடிக்கும். 'காட்டன் கலந்தது, மெத்துனு இருக்கும்' என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். பருத்தி இழையில் மை ஒட்டாது, இரண்டு துவைப்பில் வெளுத்துவிடும்.

இந்திய நீலத்தில் ஒரு சிக்கல் உண்டு. கம்ப்யூட்டர் திரையில் பளிச்சென்று தெரியும் நீலம், துணியில் இறங்கும்போது கத்திரிப்பூ நிறத்துக்குச் சாய்ந்துவிடும். நீலத்தில் மெஜந்தா மை கூடிப்போவதும், சூடு அளவு தப்புவதும்தான் காரணம். இந்தக் கடை ஓரளவு சமாளிக்கிறது, ஆனால் அவசர ஆர்டரில் சறுக்குகிறது. அதே துணியில் நான்கு அங்குலத் துண்டு ஒன்று அச்சடித்துத் தரச் சொல்லி, வாசலுக்கு வந்து வெயிலில் வைத்துப் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து ஓகே சொன்ன அணிகள்தான் பிறகு சண்டைக்கு வருகின்றன. இரண்டு செட் கூடுதலாகத் தேவைப்படும் என்று தோன்றினால் அப்போதே சேர்த்துவிடுங்கள். அடுத்த மாதம் தனியாக அடித்தால் துணி ரோல் மாறியிருக்கும், நிறமும் மாறும்.

நம்பரின் உயரம் போதவில்லை. சின்னப் பசங்கள் சைஸுக்கு 8 அங்குலம் போடுகிறார்கள். ஃபிஃபா போட்டிகளில் முதுகு நம்பர் 25 முதல் 35 சென்டிமீட்டர் வரை. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்றாலும், புழுதியில் எதிர்ப்பக்கம் நிற்கும் நடுவருக்குத் தெரிய 10 அங்குலமாவது வேண்டும். 32 சைஸ் ஜெர்சியில்கூட அது அடங்கும், மேலே பெயரை ஒரே வரியாக வைத்துக்கொண்டால் போதும்.

பெயரைத் தமிழில் போட நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் அனுப்பும் தமிழ் எழுத்து கடையின் பழைய கோரல்டிரா டிசைன் மென்பொருளில் ஒட்டினால் கட்டம் கட்டமாக வரும். அவர்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் புதிதாகத் தட்டுகிறார்கள். அப்போதுதான் ழகரம் ளகரம் ஆகிறது, புள்ளி காணாமல் போகிறது. 'யாழினி' என்ற பெயர் 'யாளினி' ஆனால் அந்தப் பிள்ளை வருடம் முழுக்கச் சுமக்க வேண்டும். பெயர்களைத் தாளில் எழுதிக் கொடுத்து, அச்சுக்குப் போகுமுன் புரூஃபில் ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள்.

நெஞ்சில் அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பின் சின்னத்தை அப்படியே போட்டுத் தருகிறார்கள். வேண்டாம். அது அனுமதி இல்லாமல் அச்சடிக்கக் கூடிய படம் அல்ல. வெளிநாட்டு பிராண்டு லோகோவும் அப்படியே. அந்த இடத்தில் ஊர்ப் பெயரையோ கிளப் சின்னத்தையோ வைத்தால் கூடுதல் காசு கேட்பதில்லை, அதற்காகக் கடையைப் பாராட்டலாம்.

தையலில் பக்க ஓரமும் தோளும் நான்கு நூல் ஓவர்லாக், நன்றாக நிற்கிறது. அக்குளில் மட்டும் தையல் நெருக்கம் குறைவு. இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள், நூலுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். வாங்கும் இடத்திலேயே கொடுத்தால் முகம் சுளிக்காமல் மறு தையல் போட்டுத் தருகிறார்கள். கோல்கீப்பர் ஜெர்சிக்கு இது முக்கியம், பாயும்போது முதலில் கிழிவது அந்த இடம். கீப்பருக்கு ராக்லன் கை, அதாவது கழுத்துவரை ஒரே துண்டாகப் போகும் கை, கேட்டு வாங்குங்கள். நிறம் மஞ்சள் என்று முடிவு செய்யுமுன், போட்டி நடத்துபவர்கள் நடுவருக்கு என்ன நிறம் வைத்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். கீப்பர் நிறம் இரண்டு அணியிலிருந்தும் நடுவரிடமிருந்தும் மாறியிருக்க வேண்டும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் நீலம் போடாத அணியைத் தேடத்தான் வேண்டும், அதனால் ஜெர்சிக்கு மேலே மாட்டும் கையில்லாத பிப், வேறு நிறத்தில் ஒரு டஜன் சேர்த்து வாங்குவது நல்லது.

சைஸுக்கு வயதைச் சொல்லாதீர்கள். நெஞ்சைச் சுற்றி டேப் வைத்து அளந்து 4 அங்குலம் கூட்டுங்கள். நெஞ்சு 30 என்றால் ஜெர்சி 34. 13, 14 வயதில் ஒரே வருடத்தில் சட்டென்று உயர்ந்துவிடுவார்கள் என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுத்தால், ஜெர்சி ஷார்ட்ஸை மூடிக் கவுன் மாதிரி தொங்கும். ஒரு சைஸ் போதும்.

பெண்களுக்கான வெட்டு இந்த வரிசையில் இல்லவே இல்லை, அதுதான் பெரிய குறை. 2022 அக்டோபரில் புவனேஸ்வரில் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் இந்தியா ஆடியது. அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. தோற்றது என்பதற்காக விட்டிருந்தால், 2017 மாடலையும் விட்டிருக்க வேண்டும். இப்போதைக்குத் தோள் அளவை ஒரு அங்குலம் குறைத்து, இடுப்பை ஒரு சைஸ் ஏற்றித் தனியாகச் சொன்னால் வெட்டித் தருகிறார்கள்.

அடுத்து 2025 மாடல் வருகிறதாம். அந்த நவம்பரில் அகமதாபாதில் ஈரானை 2-1 என வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்ற 17 வயது அணிக்காக. கழுத்துப் பட்டை வாசகத்தை யாராவது முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால் புண்ணியம்.

துவைப்பதற்கு: செம்மண் படிந்தால் ஈரத்தோடு தேய்க்க வேண்டாம், மண் இழைக்குள் இறங்கிவிடும். காயவைத்து உதறி, பிறகு உள்பக்கம் வெளியே திருப்பிச் சோப்புத் தண்ணீரில் அரை மணி ஊறவிடுங்கள். பிளீச்சும் கம்ஃபர்ட் வகைத் திரவமும் வேண்டாம், பின்னது வியர்வை உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். இஸ்திரி போட்டால் துணி பளபளத்துவிடும்.

புரூஃப் ஓகே ஆன நாளிலிருந்து 10 நாள் என்கிறார்கள், சீசனில் 15 ஆகிறது. தருமபுரிக்குப் பஸ் பார்சலில் அனுப்புகிறார்கள். பாதி முன்பணம், மீதி எடுக்கும்போது. பார்சலைப் பிரித்ததும் முதலில் கீப்பர் செட்டைத் தேடுங்கள், விட்டுப்போவது பெரும்பாலும் அதுதான்.